கணுக்கால் சுளுக்கு: வலி போய்விட்டது, ஒற்றைக்காலில் நிற்க முடியவில்லை. பொங்கல் கபடிக்குள் சரியாகுமா?

கோட்டூர்_கபடி:

வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்துக் கபடிக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எங்கள் முக்கிய ரெய்டருக்கு 22 வயது, 68 கிலோ. ஐந்து வாரத்துக்கு முன் ரெய்டு முடித்துத் திரும்பும்போது, பிடிக்க வந்த பையனின் பாதத்தின் மேல் இவனுடைய இடது கால் இறங்கி, பாதம் உள்பக்கமாகக் கவிழ்ந்துவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. வெளிப்பக்க ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, ஓய்வு போதும் என்றார்கள். க்ரேப் பேண்டேஜ் கட்டிப் பத்து நாள் படுத்திருந்தான். மூன்றாவது வாரம் வீக்கம் வடிந்தது. போன வருஷமும் இதே கால் ஒருமுறை மடங்கியிருக்கிறது.

இப்போது நடந்தால் வலி இல்லை, நேராக ஓடினாலும் இல்லை. ஆனால் இடது காலில் நின்று வலது காலை டோ டச்சுக்கு (எதிராளியைக் கால்விரலால் தொடுவதற்கு) நீட்டினால் உடம்பே ஆடுகிறது. போனஸ் புள்ளிக்கு இடது காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றி வலது காலைத் தூக்கும்போதும் அதே கதை. இதைவிடக் கவலை, இரவில் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போகும்போது வரப்பில் அந்தக் கால் தடுமாறுகிறது. "வழுக்கலை மாஸ்டர், கால் எங்க இருக்குன்னே தெரியலை" என்கிறான்.

பொங்கலுக்கு ஏழு வாரம் இருக்கிறது. ஜிம், மெஷின் எதுவும் ஊரில் கிடையாது. என்ன பயிற்சி கொடுக்கலாம்? எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா? வீட்டில் சுளுக்கு வழிக்கக் கூட்டிப் போகிறோம் என்கிறார்கள், அனுப்பலாமா?

தஞ்சை_இயன்முறை:

கோச் சார், "கால் எங்க இருக்குன்னே தெரியலை" என்று பையன் சொன்னதிலேயே விஷயம் முழுக்க இருக்கிறது. அதை நடுக்கம், பயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கணுக்காலின் வெளிப்பக்கத்தில் மூன்று ஜவ்வுகள் உண்டு. வெளிக்கணு எலும்பிலிருந்து முன்புறமாகத் தாலஸ் எலும்புக்கு (குதிகால் எலும்பின் மேல் உட்காரும் எலும்பு) போவதுதான் பெரும்பாலும் முதலில் கிழியும். அடுத்தது குதிகால் எலும்புக்கு இறங்குவது. பின்பக்க ஜவ்வு கிழிவது அரிது. இவற்றை எலும்புகளைக் கட்டிவைத்த கயிறாக மட்டும் நினைக்கக் கூடாது. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்று தண்டுவடத்துக்கும் மூளைக்கும் செய்தி அனுப்பும் நரம்பு முனைகள் அவற்றுக்குள் இருக்கின்றன. ஜவ்வு கிழியும்போது அந்த முனைகளும் அறுகின்றன, கால் அடிக்கடி மடங்குவதற்கு இதுதான் காரணம் என்று இங்கிலாந்தின் எலும்பு மருத்துவர் ஃப்ரீமேன் 1965-இல் எழுதினார். ஆடும் பலகையில் நிற்கவைக்கும் பயிற்சி அந்தக் காலத்திலிருந்து வருவது.

அதற்குப் பிறகு வந்த புரிதல் இன்னும் கொஞ்சம் விரிந்தது. ஒரு கால் மடங்கினால் அடிபடாத காலின் சமநிலையும் குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். வலது காலில் எந்த ஜவ்வும் கிழியவில்லையே, அது ஏன் ஆட வேண்டும்? கட்டுப்படுத்துகிற மேலிடத்திலேயே கணக்கு மாறியிருக்கிறது என்பதுதான் இதற்குப் பொருள். அதனால் பயிற்சி இரண்டு காலுக்கும் வேண்டும். ஒப்பிடும்போதும் "நல்ல கால்" முழுக்க நல்ல கால் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தலையாட்டிப் பொம்மை சாய்த்தால் நிமிர்வதற்குக் காரணம் அடியில் உள்ள கனமும் உருண்ட அடிப்பாகமும். நமக்குக் கனம் மேலே, அடித்தளம் ஒரு பாத அகலம். அதனால் நிற்பது என்பதே ஓயாத திருத்தம். அதற்கு மூன்று வழியில் செய்தி வருகிறது: கண், உட்காது, பிறகு பாதமும் கணுக்காலும். மூன்றாவது வழியில் செய்தி தேய்ந்துபோனால் உடம்பு கண்ணை அதிகம் நம்ப ஆரம்பிக்கும். பகலில் சமாளித்துவிடுவான். இருட்டில் வரப்பில் அந்த ஊன்றுகோலும் போய்விடுகிறது. இரவு ஆட்டத்தில் விளக்கு முகத்தில் அடிக்கும்போதும் இதுதான் நடக்கும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பாதம் கவிழ்வது கண் சிமிட்டும் நேரத்து வேலை. கெண்டைக்காலின் வெளிப்பக்கத் தசைகள் விழித்து இழுப்பதற்குள் ஜவ்வின் மேல் சுமை ஏறிவிடும். ஆகவே கவிழ்ந்த பிறகு காப்பாற்றுவதை மட்டும் பழக்கிப் பயனில்லை. கால் தரையில் படுவதற்கு முன்பே தசைகள் தயாராக இறுகியிருப்பதையும், பாதம் சரியான கோணத்தில் இறங்குவதையும் பழக்க வேண்டும். குதித்து இறங்கும் பயிற்சிகள் இல்லாத திட்டம் அரைகுறைத் திட்டம்தான்.

சுளுக்கு வழிப்பதைப் பற்றி. நம் பேச்சில் கழுத்துப் பிடிப்பும் சுளுக்கு, ஜவ்வு கிழிவதும் சுளுக்கு. ஒரே பெயர் என்பதால் இரண்டுக்கும் ஒரே கைவைத்தியம் செய்கிறார்கள், சிக்கல் அங்கேதான் வருகிறது. ஆறிக்கொண்டிருக்கும் ஜவ்வை வெடுக்கென்று இழுத்துத் திருப்பினால் மறுபடி கிழியும். மேலாக எண்ணெய் தடவிவிடுவதில் தீங்கில்லை, சொடுக்கு எடுக்க விடாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. இப்போது அவசியமில்லை. மூட்டுக்குள் ஆழமான வலி, பூட்டிக்கொள்வது போன்ற உணர்வு, வெளிக்கணுவுக்குப் பின்னால் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) தாண்டிக் குதிப்பது, கணுவுக்கு மேலே இரு எலும்புக்கும் நடுவில் வலி, பாதத்தின் மேல்புறம் மரத்துப்போவது, இவற்றில் ஏதாவது இருந்தால் எலும்பு மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள்.

முதலில் அளவெடுத்துச் சொல்லுங்கள். தையல் டேப்பும் சுண்ணாம்புப் பொடியும் போதும்.

முட்டி-சுவர் அளவு: வெறும் காலோடு சுவரைப் பார்த்து நிற்கட்டும். குதிகால் தரையை விட்டு எழாமல் முட்டியைச் சுவரில் தொட வேண்டும். பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்த்தி, தொட முடிகிற கடைசி இடத்தில் பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள தூரம் எத்தனை செ.மீ.?

ஒற்றைக்கால் நிலை: இடுப்பில் கை, 30 விநாடி. கண் திறந்து ஒருமுறை, கண் மூடி ஒருமுறை. பாதத்தின் எந்தப் பகுதியாவது தரையை விட்டு எழும் ஒவ்வொரு முறையும் எண்ணுங்கள். தூக்கிய கால் தரையைத் தொட்டால் அதையும் சேருங்கள். கண் மூடும்போது ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

நீட்டல் அளவு: களத்தில் மூலைமட்டம் வைத்து 90 டிகிரியில் இரண்டு கோடு போடுங்கள். மூலைமட்டம் இல்லாவிட்டால் கயிற்றில் 3, 4, 5 முழம் முடிச்சுப் போட்டு முக்கோணம் கட்டலாம். அவை பின்கோடுகள்: நின்ற காலின் உள்பக்கம் போவது பின்-உள், வெளிப்பக்கம் போவது பின்-வெளி. அவற்றுக்கு நடுவே போகும் கோட்டை மூலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் நீட்டினால் முன்கோடு. கோடுகள் சேரும் இடத்தில் ஒற்றைக்காலில் நின்று, மறுகால் விரலால் ஒவ்வொரு கோட்டிலும் எட்டும் தூரம் தரையை மெல்லத் தொட்டுத் திரும்ப வேண்டும். நான்கு முறை பழகவிட்டு, பிறகு மூன்று முறை அளந்து அதிகபட்சத்தை எடுங்கள். நின்ற காலின் குதி எழுந்தாலும், நீட்டிய காலில் எடையைப் போட்டாலும் அந்த முறை செல்லாது. இடுப்பின் முன்முனை எலும்பிலிருந்து உள்கணு வரை கால் நீளமும் வேண்டும்.

கடைசியாக, ஒற்றைக்காலில் குதிகாலை முழு உயரம் தூக்கி இறக்குவது எத்தனை முறை முடிகிறது என்று பாருங்கள்.

சலங்கை_கும்பகோணம்:

நடனம் சொல்லித் தருபவள் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். கணுக்கால் மடங்கிய பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், விரல்களைப் பாருங்கள். விரல்கள் தரையைக் கவ்விப் பிடித்து வெளுத்திருந்தால் அது சமநிலை இல்லை, பிடிவாதம். குதிகால், பெருவிரல் அடிமேடு, சுண்டுவிரல் அடிமேடு, இந்த மூன்று புள்ளியிலும் எடை சமமாக விழ வேண்டும், விரல்கள் நீண்டு தளர்ந்திருக்க வேண்டும். விரலால் கவ்வுகிறவர்கள் தரையில் 30 விநாடி நிற்பார்கள், குதித்து இறங்கியதும் விழுவார்கள்.

அடுத்தது இடுப்பு. கணுக்கால் வேலை செய்யாதபோது உடம்பு இடுப்பிலிருந்து வெட்டி வெட்டிச் சமாளிக்கும். எதிரே நின்று பார்த்தால் தூக்கிய கால் பக்கத்து இடுப்பு கீழே தொங்கும், அல்லது மேலுடம்பு நின்ற கால் பக்கம் சாயும். அரைமண்டியில் எங்களுக்கு இது உடனே தெரியும். கபடியில் வேகத்தில் மறைந்துவிடும், அதனால் மெதுவாகச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

தலையணை மேல் நிற்கவைப்பதை முதல் நாளே ஆரம்பிக்கிறார்கள், அதை நான் ஏற்கவில்லை. கணுக்கால் முன்னுக்கு மடங்காமல் இறுகியிருக்கும்போது மெத்தென்ற பரப்பில் ஏற்றினால் பிள்ளைகள் தப்பான வழியில் சமாளிக்கத்தான் கற்றுக்கொள்கிறார்கள். முதலில் மடங்கட்டும், பிறகு ஆடட்டும்.

தஞ்சை_இயன்முறை:

டீச்சர் சொல்வதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஒரு திருத்தம்: மடங்கும் அளவு முழுதாக வரும்வரை சமநிலைப் பயிற்சியை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. கெட்டித் தரையில் முதல் நாளிலிருந்தே தொடங்கலாம். மெத்தென்ற பரப்புக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

கோட்டூர்_கபடி:

இரண்டு பேருக்கும் நன்றி. இன்று காலை, பயிற்சிக்கு முன்னால் அளந்தது.

முட்டி-சுவர்: வலது 11 செ.மீ., இடது 7.
கண் திறந்து: வலது தவறே இல்லை, இடது 4 முறை.
கண் மூடி: வலது 4 முறை, இடது 11 முறை, அதில் இரண்டு தடவை காலைக் கீழே வைத்துவிட்டான்.
நீட்டல், வலது காலில் நின்று: முன் 66, பின்-உள் 98, பின்-வெளி 94.
இடது காலில் நின்று: முன் 59, பின்-உள் 93, பின்-வெளி 86. கால் நீளம் 90 செ.மீ.
குதிகால் தூக்குவது: வலது 26, இடது 13.

டீச்சர் சொன்ன மாதிரியே இடது கால் விரல் ஐந்தும் தரையைக் கவ்விக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அதைக் கவனிக்கவே இல்லை.

தஞ்சை_இயன்முறை:

இப்போது பேசலாம்.

முட்டி-சுவர் அளவில் 1 செ.மீ. என்பது ஏறக்குறைய மூன்றரை டிகிரி. நாலு செ.மீ. வித்தியாசம் என்றால் கணுக்கால் 14 டிகிரி குறைவாக மடங்குகிறது. முன்நீட்டலில் 7 செ.மீ. குறைவதில் பெரும்பங்கு இதனால்தான். இளம் கூடைப்பந்து வீரர்களிடம் செய்த ஆய்வில், முன்நீட்டலில் இரு காலுக்கும் 4 செ.மீ. அல்லது அதற்கு மேல் வித்தியாசம் உள்ளவர்களுக்குக் கீழ் உடம்பில் காயம் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. டோ டச் என்பது இதே முன்நீட்டல்தான், எதிரே ஆள் நிற்பது மட்டும் வேறு. ஆட்டத்தில் ஏன் ஆடுகிறான் என்பதற்கு இதைவிட நேரான பதில் இல்லை.

மூன்று நீட்டலையும் கூட்டி, கால் நீளத்தின் மூன்று மடங்கால் வகுத்தால் வலது 95.6 சதவீதம், இடது 88.1. கண் மூடி 30 விநாடியில் 5 அல்லது அதற்கு மேல் பாதம் எழுந்தால் குறை என்று வைத்துக்கொள்கிறோம். இடது 11. வலது 4, விளிம்பில் நிற்கிறது. நான் சொன்ன "நல்ல கால்" எச்சரிக்கை இதற்குத்தான்.

வாரத்தில் மூன்று நாள், 30 நிமிடம், எட்டு வாரம். இந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2009-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் சுளுக்கிலிருந்து மீண்ட 522 விளையாட்டு வீரர்களில் ஒரு பாதியினர் வழக்கமான சிகிச்சையோடு வீட்டிலேயே, மேற்பார்வை இல்லாமல், இதே அளவில் சமநிலைப் பயிற்சி செய்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களில் 22 சதவீதம் பேருக்கு மறுபடி மடங்கியது, செய்யாதவர்களில் 33 சதவீதம் பேருக்கு. கருவி இல்லை என்பது உங்களுக்குக் குறையே இல்லை.

முதல் இரண்டு வாரம். சுவரைப் பார்த்து நின்று முட்டியை முன்னுக்கு அழுத்தும் அசைவு, 15 முறை வீதம் மூன்று சுற்று, தினமும் இரண்டு வேளை. முட்டி இரண்டாவது விரலுக்கு நேராகப் போக வேண்டும். உள்ளே சரிந்தால் கணுக்கால் மடங்காது, பாத வளைவுதான் தட்டையாகும், அளவு ஏறினது போல் ஏமாற்றும். பழைய சைக்கிள் டியூப்பைத் தூணில் கட்டிப் பாதத்தின் வெளி ஓரத்தில் மாட்டி, பாதத்தை வெளியே இழுத்து, மூன்று விநாடி எடுத்துக்கொண்டு மெதுவாக உள்ளே விடட்டும். திரும்பி வரும் அந்த மூன்று விநாடிதான் மருந்து, பலர் அங்கே சட்டென்று விட்டுவிடுகிறார்கள். இதுவும் 15 வீதம் மூன்று சுற்று. குதிகால் தூக்குவதை இரண்டு காலில் ஏறி, இடது காலில் மட்டும் இறங்குவதில் தொடங்குங்கள். கெட்டித் தரையில் ஒற்றைக்கால் நிலை 30 விநாடி, ஐந்து முறை, இரண்டு காலுக்கும். முட்டி லேசாக மடங்கியிருக்கட்டும், விரல்கள் தளர்வாக.

மூன்றாவது, நான்காவது வாரம். முட்டி-சுவர் வித்தியாசம் 2 செ.மீ.க்குள் வந்ததும் மெத்தென்ற பரப்புக்குப் போகலாம். கோணிச்சாக்கில் நெல் உமியைப் பாதி அளவு நிரப்பித் தைத்து, மிதித்துச் சமன் செய்தால் நாலு விரல் உயரம் நிற்கும். ரைஸ்மில் இல்லாத ஊர் நம் பக்கம் இல்லை. முழுக்க நிரப்பினால் உருளும், கல் மாதிரி இறுகும். அதன் மேல் நின்று தலையை இடம் வலம் திருப்புவது, பந்து பிடித்து எறிவது, கடைசியாகக் கண் மூடுவது. ஆடும் பலகை வேண்டுமென்றால் தச்சரிடம் 40 செ.மீ. வட்டப் பலகையும் நடுவே 6 செ.மீ. உயர அரைக்கோளக் கட்டையும் செய்து திருகாணி போட்டு வாங்குங்கள். கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து மேலே பலகை வைக்கிறார்கள். குதித்தால் நொறுங்கும், விளிம்பு கிழிக்கும், வேண்டாம். சுண்ணாம்புக் கோட்டில் நீட்டும் சோதனையையே பயிற்சியாகவும் செய்யலாம், ஒவ்வொரு திசைக்கும் எட்டு முறை.

ஐந்தாவது வாரத்திலிருந்து குதிக்க வேண்டும். பாண்டிக் கட்டங்களைக் களத்தில் வரையுங்கள். நொண்டி அடித்து ஒரு கட்டத்தில் இறங்கியதும் மூன்று விநாடி சிலையாக நிற்க வேண்டும், பிறகுதான் அடுத்த கட்டம். முதலில் முன்னோக்கி, பிறகு பக்கவாட்டில், பிறகு மூலைக்கு மூலை. சத்தத்தைக் கேளுங்கள். இரண்டு காலிலும் இறங்கும் சத்தம் ஒரே மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும். இடது கால் மட்டும் "தொப்" என்றால் கணுக்கால் சுமையை வாங்கவில்லை, எலும்பு வாங்குகிறது.

ஆறாவது வாரத்தில் எட்டு வடிவ ஓட்டம், சட்டென நின்று திரும்புவது, பின்னோக்கி ஓடுவது. இங்கே கபடிக்கென்றே ஒன்று உண்டு. ரெய்டர் மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டே, ஆறேழு பேரை நோட்டம் பார்த்துக்கொண்டே ஒற்றைக்காலில் நிற்கிறான். கவனம் முழுக்க வேறிடத்தில். அமைதியாக நின்று காட்டும் சமநிலை அவனுக்கு உதவாது. ஆகவே உமிச்சாக்குப் பயிற்சியையும் நொண்டியையும் "கபடி கபடி" சொல்லிக்கொண்டே செய்யவையுங்கள். நீங்கள் விரலைக் காட்ட அவன் எண்ணைக் கண்ணால் மட்டும் பார்த்து, பாட்டு அறுந்துபோகாமல், அந்த எண்ணுள்ள கோட்டைத் தொட வேண்டும். பக்கத்திலிருந்து ஒருவர் தோளை லேசாகத் தள்ளுவதும் இந்தக் கட்டத்தில்தான். கணுக்கால் பிடியைக் கடைசி வாரம் வரை அனுமதிக்காதீர்கள்.

வலிக்குக் கணக்கு: பத்துக்கு மூன்று வரை பயிற்சியின்போது வலிக்கலாம். மறுநாள் காலை வீக்கமோ இறுக்கமோ கூடியிருந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். வீக்கத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். தையல் டேப்பைக் கணுவையும் பாதத்தையும் சுற்றி எட்டு வடிவில் போட்டு, தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வையுங்கள்.

வெட்டாறு_செல்வி:

சார், இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு 57 வயது, பத்து வருஷமாகச் சர்க்கரை. சம்பா வயலில் களையெடுக்கப் போனவர்கள் நாலு நாளைக்கு முன் மழையில் ஊறின வரப்பு சரிந்து காலை மடக்கிக்கொண்டார்கள். நொண்டி நொண்டி நடக்கிறார்கள், அழுத்தினால் பெரிதாக வலி இல்லை என்கிறார்கள். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் பத்துப் போட்டுத் துணி கட்டியிருக்கிறது. அம்மாவும் இந்த உமிச்சாக்குப் பயிற்சி செய்யலாமா?

தஞ்சை_இயன்முறை:

சகோதரி, அம்மாவுக்கு முதலில் எக்ஸ்ரே. உமிச்சாக்கு வேண்டவே வேண்டாம்.

சாதாரணமாக எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்ய ஒட்டாவா விதி என்று ஒன்றை வைத்திருக்கிறோம், கனடாவில் 1992-இல் வகுத்தது. உள்கணு அல்லது வெளிக்கணு எலும்பின் பின் விளிம்பில் கீழ் 6 செ.மீ.க்குள் அழுத்தினால் வலி, நடுப்பாதத்தில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் அடியிலோ உள்பக்கப் படகு எலும்பிலோ அழுத்தினால் வலி, அடிபட்டவுடனும் மருத்துவரிடம் வந்தபோதும் நாலு அடி வைக்க முடியாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுப்போம். இந்த விதி உணர்ச்சி சரியாக உள்ள காலுக்கு. பத்து வருஷச் சர்க்கரையில் பாத உணர்ச்சி மங்கியிருந்தால் "அழுத்தினால் வலி இல்லை" என்பதை நம்பி விட்டுவிட முடியாது.

பத்துக்கட்டை இன்றே பிரித்துப் பாருங்கள். காய்ந்து இறுகினால் தோல் வெட்டுப்படும், மரத்த காலில் அது தெரியாது. விரலிடுக்கு, குதிகால் எல்லாம் பாருங்கள். பாதம் சூடாக, சிவந்து, வீக்கம் வடியாமல் இருந்தால் காத்திருக்காதீர்கள். நீரிழிவில் பாத எலும்புகளே நொறுங்கிச் சரியும் ஒரு நிலை உண்டு, ஆரம்பத்தில் அது சுளுக்கு மாதிரியே இருக்கும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது 10 கிராம் நைலான் இழையாலும் 128 அதிர்வு இசைக்கவையாலும் பாத உணர்ச்சியைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எலும்பு நன்றாக இருந்தால் பயிற்சி இப்படி: செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு, சுவரிலோ ஜன்னல் கம்பியிலோ கை வைத்து, இரண்டு பாதத்தையும் ஒன்றின் முன் ஒன்றாக வைத்து நிற்பது. அது 30 விநாடி எளிதானதும் கையை ஒரு விரலாகக் குறைப்பது. பிறகு ஒற்றைக்கால் 10 விநாடி. கண் மூட வேண்டாம். கைத்தடி பிடித்தால் அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். எல்லாருமே அடிபட்ட பக்கம்தான் பிடிக்கிறார்கள், அதனால்தான் திரும்பச் சொல்கிறேன்.

சேற்றில் இறங்குவது கடைசி. சேறு பாதத்தைக் கவ்விப் பிடித்திருக்க, உடம்பு மட்டும் திரும்பினால் முறுக்கு முழுக்கக் கணுக்காலில் விழும். குதிகாலை முதலில் நேராக மேலே எடுத்து, காலை முழுசாக விடுவித்த பிறகே திசை திரும்ப வேண்டும். இரண்டு மாதமாவது தலையில் கட்டு வைத்து வரப்பில் நடக்க விடாதீர்கள். தலைச்சுமை ஏறினால் பாதத்துக்குத் திருத்த வேண்டிய வேலை கூடும், கீழே பார்க்கவும் முடியாது.

வெட்டாறு_செல்வி:

கட்டைப் பிரித்துவிட்டேன் சார். சுண்டுவிரல் பக்கம் கொப்புளம் இருக்கிறது, அம்மாவுக்குத் தெரியவே இல்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் கூட்டிப் போகிறேன்.

தஞ்சை_இயன்முறை:

கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடுங்கள், அந்தக் காலில் எடை போட வேண்டாம். சர்க்கரை அளவையும் நாளைக்கே பார்த்துவிடுங்கள்.

கோட்டூர்_கபடி:

சார், இரண்டு சந்தேகம். கொள்ளிடம் மணலில் ஓடவிட்டால் கால் பலமாகும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இன்னொன்று, ஆட்டத்துக்குக் கணுக்கால் பிரேஸ் போடலாமா? போட்டால் கால் சோம்பேறியாகிவிடும் என்கிறார்கள்.

தஞ்சை_இயன்முறை:

மணல் நல்லது, இப்போது இல்லை. காய்ந்த மணலில் குதிகால் அமிழ்ந்து பாதம் எந்தப் பக்கமும் சரியும். ஐந்தாவது வாரத்துக்கு மேல், தண்ணீர் ஓரத்து ஈர மணலில் நடையாகத் தொடங்கி, பிறகு மெதுவோட்டம். மணலில் ஓடியதால் மட்டும் களத்தில் திரும்பும் திறமை வந்துவிடாது. கெட்டித் தரையில் பாதம் இறங்குவது வேறு வேகம்.

பிரேஸ் கட்டாயம் போடுங்கள். தசை சோம்பேறியாகும் என்பது பழைய பயம். ஏற்கெனவே மடங்கிய காலில் மறுமடங்கலைப் பிரேஸ் குறைக்கிறது. பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் மட்டும், குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம். ஜவ்வு ஒட்டுவது வாரக் கணக்கு என்றாலும் அதன் நார்கள் பழையபடி முறுக்கேறி ஒழுங்காவது மாதக் கணக்கு. லேஸ் கட்டும் வகையோ இருபுறம் தகடு வைத்த வகையோ வாங்குங்கள். இழுத்து மாட்டும் எலாஸ்டிக் உறையும் க்ரேப் பேண்டேஜும் கவிழ்வதைத் தடுக்காது.

மேட் விரித்த களத்தில் ஷூ போட்டு ஆடினால் பிரேஸ் உள்ளே அடங்கும். மண் களத்தில் வெறும் காலோடு ஆடுகிறவனுக்கு அது சரிவராது, உலோகமோ கெட்டிப் பிளாஸ்டிக்கோ பிடிக்க வருகிறவன் கையைக் கிழிக்கவும் கூடும். அங்கே இழுபடாத விளையாட்டு டேப் ஒட்டுங்கள். வியர்வையிலும் ஓட்டத்திலும் அரைமணி நேரத்துக்குள் டேப் தளர்ந்துவிடும், இடைவேளையில் மறுபடி இறுக்கி ஒட்ட வேண்டும். டேப் ஒட்டும்போது பாதம் 90 டிகிரியில் இருக்கட்டும், உள்ளேயிருந்து பாதத்தின் அடி வழியாக வெளியே மேல்நோக்கி இழுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் கவிழ்வதற்கு நீங்களே உதவுகிறீர்கள்.

சலங்கை_கும்பகோணம்:

தை மாத இரவு ஆட்டத்தில் பனி இறங்கினதும் மண் களம் மேலாக வழுக்கும், கீழே கெட்டியாக இருக்கும். அந்தத் தரையில் ஒருமுறையாவது முன்னாடியே, அதே நேரத்தில், அதே விளக்கில் பயிற்சி கொடுத்துப் பாருங்கள் மாஸ்டர்.

கோட்டூர்_கபடி:

செய்கிறோம் டீச்சர். சார், எந்த அளவு வந்தால் இறக்கலாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், பையன் என்னை விடமாட்டான்.

தஞ்சை_இயன்முறை:

முட்டி-சுவர் வித்தியாசம் ஒன்றரை செ.மீ.க்குள். முன்நீட்டல் வித்தியாசம் 4 செ.மீ.க்குக் கீழே, அதாவது வலது 66-இலேயே இருந்தால் இடது 63-ஆவது தொட வேண்டும். கண் மூடி 30 விநாடியில் ஐந்துக்குக் குறைவு, இரண்டு காலிலும். குதிகால் தூக்குவது வலது 26 என்றால் இடது 23. பக்கவாட்டு நொண்டி: 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு, போய் வருவது ஒன்று என்று பத்து முறை. 13 விநாடியைத் தாண்டினாலோ நடுவில் கணுக்கால் "விட்டுப்போகிற மாதிரி" இருக்கிறது என்று சொன்னாலோ இன்னும் ஆகவில்லை. முழுப் பயிற்சி ஆட்டம் இரண்டு ஆடி, மறுநாள் காலை எட்டு வடிவ அளவு ஏறாமல் இருக்க வேண்டும்.

இந்த முறை அளப்பதைக் காலையில் வைக்காதீர்கள். களைப்பில் சமநிலை குறையும், கால் மடங்குவதும் ஆட்டத்தின் பிற்பகுதியில்தான் அதிகம் பார்க்கிறோம். பயிற்சி முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே அளங்கள். அப்போது வரும் எண்தான் ஆட்டத்துக்கான எண். ஆறாவது வாரக் கடைசியில் அளந்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். எட்டு வாரத் திட்டத்தில் ஒரு வாரம் பொங்கலுக்குப் பிறகும் மிச்சம் இருக்கிறது, ஜெயித்தாலும் அதை விட்டுவிட வேண்டாம்.